சுற்றுச்சூழல் கலையைத் திரையில் பார்ப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?

இயற்கையையும் பருவநிலையையும் பற்றிப் பேசும் கலையைச் சொல்கிறேன். எல்லாப் படைப்புக்கும் ஒரே பதில் கிடையாது. ஓர் இடத்தில் செய்ததைப் படம்பிடித்துத் திரையில் போடுவது வேறு, திரைக்கென்றே உருவாக்கிய படைப்பு வேறு. முதல் வகை திரைக்கு வரும்போது பாதி உயிர் போய்விடுகிறது. இரண்டாவது வகையில் சில, நான் நேரில் பார்த்த பல கண்காட்சிகளைவிட ஆழமாக மனத்தில் தங்கியிருக்கின்றன.

முதல் வகைக்கு உதாரணம் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரின் 'ஐஸ் வாட்ச்'. கிரீன்லாந்தின் பனிப்பரப்பிலிருந்து உடைந்து கடலில் மிதந்த பெரிய கட்டிகளைக் கொண்டுவந்து, 2014இல் கோபன்ஹேகனிலும், 2015 பருவநிலை மாநாட்டின்போது பாரிசிலும், 2018இல் லண்டனிலும் பொது இடங்களில் உருக விட்டார்கள். மக்கள் தொட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பல காலமாக உள்ளே அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் வெடிக்கும் சத்தம் கேட்கும். இதன் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. தகவல் கிடைக்கும், ஆனால் உள்ளங்கையில் அந்தக் குளிர் ஏறாது.

இரண்டாவது வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜான் ஜெரார்ட் என்ற கலைஞரின் 'வெஸ்டர்ன் ஃபிளாக்' (2017). டெக்சாசில் ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் 1901இல் எண்ணெய் பீறிட்டு அடித்தது. அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் பெரும் பாய்ச்சல் அங்கேதான் தொடங்கியது. இன்று வறண்டு கிடக்கும் அந்த நிலத்தில் ஒரு கொடிக்கம்பம். அதன் உச்சியிலிருந்து கரும்புகை கொட்டிக்கொண்டே இருக்கிறது, அந்தப் புகைதான் கொடி. இது படம்பிடித்த காட்சி இல்லை. கணினி ஒவ்வொரு நொடியையும் அப்போதைக்கப்போது உருவாக்குகிறது. டெக்சாசில் விடியும்போது திரையிலும் விடியும், அங்கே இருட்டினால் இங்கேயும் இருட்டும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது என்பதுதானே பருவநிலைப் பிரச்சினையின் பெரிய சிக்கல்? அதற்கு ஒரு உருவம் கொடுத்து, நிற்காமல் வெளியேறுகிறது என்பதையும் நிற்காத படைப்பாகவே காட்டிவிட்டார். 2017 புவி நாளில் லண்டன் சாமர்செட் ஹவுஸ் முற்றத்தில் பெரிய திரையில் இது ஓடியது. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியும் தன் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இதைக் காட்டியது.

நகரச் சதுக்கத் திரைகளின் பலம் வேறு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2012 முதல் தினமும் இரவு 11.57 முதல் 12 வரை விளம்பரங்களை நிறுத்திவிட்டுக் கலையைக் காட்டுகிறார்கள். லண்டன் பிக்காடிலியில் 2020இல் 'சர்க்கா' என்ற கலை அமைப்பு இதே போன்ற முயற்சியைத் தொடங்கியது. அங்கே நிற்பவர்களில் பெரும்பாலானோர் கலை பார்க்க வந்தவர்கள் இல்லை. அருங்காட்சியகப் பக்கமே போகாதவர் அண்ணாந்து பார்க்கிறார், அதுவும் வாங்கு வாங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே திரையில். சூழல் பற்றிய படைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது கிடைக்கும் நெருக்கம் தனி. கலைஞர் அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்கின் 'தி சப்ஸ்டிடியூட்' (2019) படைப்பில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் ஒன்று முதலில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்து, மெல்ல மெல்ல உயிருள்ளது போல் ஆகிறது. அந்த இனத்தின் கடைசி ஆண், சூடான், 2018இல் கென்யாவில் இறந்துவிட்டது. இனி அந்த இனத்தின் ஆண் ஒன்றை நேரில் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்ட உயிருக்குத் திரைதான் இடம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த வருத்தத்தைத்தான் படைப்பும் கேட்கிறது.

மின்சாரத்தைக் குடிக்கும் ராட்சதத் திரையில் சூழலைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்வி நியாயமானது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளம்பரத் திரையில் மூன்று நிமிடம் கடன் வாங்குவதை ஏற்கிறேன். கலைக்கென்றே புதிதாக ஒளிச்சுவர் எழுப்புவதை ஏற்க மாட்டேன். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவு ஒளிக்கற்றைகளில் வலசைப் பறவைகள் சிக்கித் தவிக்கும். அதனால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் சுமார் இருபது நிமிடம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சூழல் கலை நடத்துகிறவர்களிடமும் இந்தக் கண்டிப்பை எதிர்பார்க்கிறேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? கைப்பேசியில் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். இருப்பதிலேயே பெரிய திரையில், அறையை இருட்டாக்கி, ஒரே படைப்பை முழுதாகப் பாருங்கள். 'வெஸ்டர்ன் ஃபிளாக்' மாதிரி முடிவில்லாதது கிடைத்தால், ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தால் போதும்.