போக ஒன்றேமுக்கால், வர ஆறரையா?

கேள்வி: மாமியாரை ஒரு மாதம் எங்களோடு தங்கவைப்பதற்காக, நானே சென்னைக்குப் போய் அவரை அழைத்து வர இருக்கிறேன். போகும் விமானம் சிங்கப்பூரிலிருந்து இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு 9.45க்குச் சென்னை சேரும் என்றும், திரும்பும் விமானம் இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00 மணிக்குச் சாங்கியில் இறங்கும் என்றும் பயணச்சீட்டில் உள்ளது. ஒரே தொலைவுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி? மூட்டுவலி உள்ள அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்?
– ஈசூன் வாசகி

பதில்: நான்கு மணி நேரம்தான். பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே அச்சிடுவார்கள். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், போகும்போது அவ்வளவு நேரம் கணக்கிலிருந்து மறைந்து, திரும்பும்போது கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. நேரடி விமானமாக இருந்தால் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: ஒன்றேமுக்காலையும் ஆறரையையும் கூட்டிப் பாதியாக்கினால் நான்கு மணி ஏழரை நிமிடம் வரும், நேர வேறுபாடு தானாகவே கழிந்துவிடும்.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரம்கூட ஆகக் கூடாதே என்று நீங்கள் கேட்கலாம். அட்டவணை நேரம் என்பது விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வாயிலை அடைந்து நிற்பது வரையிலான நேரம் என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று அடித்தாலும், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசுகிறது. அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

இந்த இரண்டரை மணி நேரம் இயற்கை வகுத்ததன்று. இரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே சுமார் 24 பாகை இருப்பதால், சூரியனைக் கேட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல் என்றுதான் சொல்லும். 1981 இறுதிவரை நமக்கும் இந்தியாவுக்கும் சரியாக இரண்டு மணி நேரமே வித்தியாசம். தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்துக்கு மாறியபோது நாமும் உடன் மாறி, 1982 பிறக்கும் வேளையில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். இங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது என்பதன் காரணமும் இந்தக் கடிகாரக் கணக்குதான். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் செய்து வந்த நம் பெரியவர்களுக்கு இந்த அரை மணியெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது!

மாமியாருக்கு நடைபாதையோர இருக்கை கேளுங்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். சாங்கியில் மணி ஆறு என்றாலும் அவருடைய உடலுக்கு அப்போது விடியற்காலை மூன்றரைதான். வீட்டுக்கு வந்ததும் இட்லியை எடுத்து வைத்து உபசரிக்காமல், முதலில் அவரைப் படுக்க விடுங்கள்.