சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. போன சனிக்கிழமை நீங்களும் தம்பியும் வந்துபோன பிறகு யோசித்ததை எழுதுகிறேன். "பிளஸ் டூ முடிக்கப்போறான், இன்ஜினீயரிங் வேணாமாம், கேம் டிசைன்தான் வேணுமாம். இதெல்லாம் ஒரு படிப்பா சார்?" என்று கேட்டீர்கள். படிப்புதான். ஆனால் கேம் விளையாடப் பிடிக்கும் என்பது மட்டும் அதற்குப் போதாது. தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் டிரைவர் ஆகிவிடுவதில்லையே.

நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். நீ ரொம்பப் பயந்த கேம் எது, ஏன் பயந்தாய்? 'சைலன்ட் ஹில்' என்றான். 1999-இல், அவன் பிறப்பதற்கு முன்பே வந்தது. "பேய் வரும் சார்." இது எல்லாரும் சொல்கிற பதில். பேய் வராத இடத்தில் பயமே இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "இல்ல சார், ரேடியோ கரகரன்னா போதும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பக்கத்துல எதுவோ இருக்குன்னு தெரிஞ்சிடும்."

இந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்தக் கேமில் நாயகனின் கையில் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். பூதம் நெருங்கினால் அது கரகரக்கும். ஊரையே மூடுபனி சூழ்ந்திருக்கும். அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் கேம் இயந்திரத்துக்கு ஒரு முழு ஊரைத் தூரம் வரைக்கும் வரைந்து காட்டுகிற தெம்பு இல்லை. அந்தக் குறையை மறைக்கப் பனி உதவியது. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததே கடைசியில் அந்தக் கேமின் பெரிய பயமாகிவிட்டது. காதுக்கு முதலில் தெரிந்து, கண்ணுக்குப் பிறகு தெரிகிறது. இந்த வரிசையை யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். தம்பி போக நினைப்பது அந்த நாற்காலிக்குத்தான்.

பயம் மட்டும்தான் என்றில்லை. 2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' கேமில் பதினாறு ராட்சதர்களை வீழ்த்த வேண்டும். ஒருவரிடமிருந்து அடுத்தவரைத் தேடி வெட்டவெளியில் குதிரையில் போகும்போது பாட்டு கிடையாது, குளம்புச் சத்தமும் காற்றும்தான். ராட்சதன் சாயும்போது வெற்றி முழக்கத்துக்குப் பதில் சோக இசை வரும். ஜெயித்தவனுக்கே 'தப்பு செய்துவிட்டோமோ' என்று உறுத்தும். ஒரு வசனம்கூட அப்படிச் சொல்வதில்லை.

உங்களுக்கென்று ஒன்று சொல்கிறேன்: 'வெண்பா', 2023-இல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அவன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்பது நான் விளக்குவதைவிட அதில் நன்றாகப் புரியும்.

சரி, வீட்டுப்பாடம். பிடித்த கேமில் ஒரு பத்து நிமிடப் பகுதியை அவன் மூன்று தடவை விளையாட வேண்டும். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு. மூன்றாவது தடவை திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்து. ஒவ்வொரு தடவையும் எது போய்விட்டது, எது மிச்சம் இருக்கிறது என்று நோட்டில் எழுதட்டும். 'செமையா இருந்துச்சு' என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு, எந்த இடத்தில், எதனால் என்று கேளுங்கள். மூன்று மாதம் சலிக்காமல் எழுதினால் இந்தத் துறை அவனுக்குத்தான். மூன்றாவது வாரமே நோட்டு காணாமல் போனாலும் நல்லதுதான், லட்சக்கணக்கில் பணம் மிச்சம்.

பணம் என்றதும் ஒரு எச்சரிக்கை. 'ஆறு மாதத்தில் வேலை உறுதி' என்கிற இடங்களுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பழைய மாணவர்கள் செய்த கேம்களைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் என்கிற டிசைன் நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம், அதில் தேறினால் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டப்படிப்பு படிக்கலாம். தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்குத் (NID) தனி நுழைவுத் தேர்வு. இன்ஜினீயரிங்தான் சேர்க்கப்போகிறீர்கள் என்றாலும் இந்தக் கதவு அடைபடாது. கேம் உருவாக்க உதவும் கோடோ, முப்பரிமாண உருவங்கள் செய்ய உதவும் பிளெண்டர் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒரே ஒரு அறை, ஒரு விளக்கு, ஒரு சத்தம் வைத்து நம்மைத் திடுக்கிட வைக்கிற மாதிரி அவனால் ஒன்று செய்ய முடிந்தால், வேலை கேட்டுப் போகிற இடத்தில் அதுதான் முதலில் பேசும்.

இன்னொன்று, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை அநேகமாக மொபைல் கேமில் மிட்டாய் நிறத்தில் பொத்தான் வைப்பதாகத்தான் இருக்கும். பனி மூடிய ஊரெல்லாம் பிறகுதான். இதையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன், முகம் கொஞ்சம் வாடியது.

நோட்டு பாதியாவது நிரம்பியதும் இருவரும் வாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் வந்தால் கூட்டம் இருக்காது.