உரசுவது பிரேக்தானா?

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஸ்காட்லாந்து சைக்கிள் சாகச வீரர் டேனி மெக்காஸ்கிலின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு டிரையல்ஸ் (கால் ஊன்றாமல் தடைகள் மேல் தாவி ஏறி இறங்கும் விளையாட்டு) சைக்கிள் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பழைய 20 அங்குலச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அலுமினிய ஃபிரேம், சீட் கிடையாது, பின்னால் மகுரா எச்.எஸ்.33 ரிம் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது). இடது பக்கப் பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருக்கிறது. சரிசெய்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, மறுபடி உரசுகிறது. புது பிரேக் மாட்டிவிடலாமா?
– ஒரு தந்தை, லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: பிரேக்குக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். 'ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, மறுபடி உரசுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ஒருமுறை சரிசெய்ததும் நின்றுவிட்டால் அது பிரேக் கோளாறு. அதே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒன்று நகர்கிறது. சக்கரம் நகரலாம், பிரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நகரலாம், ஃபிரேமே கூட நகரலாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் பயப்பட வேண்டும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். லீவரில் சின்னச் சிவப்புத் திருகு ஒன்று இருக்கிறதா பாருங்கள். கட்டை தேயத் தேய அதை ரிம்முக்கு அருகே தள்ளுவதற்காக வைத்தது அது. முன்பு ஓட்டியவர் அதைத் திருகிக்கொண்டே போயிருக்கலாம், நீங்கள் புதுக் கட்டை போட்டதும் இடமில்லாமல் உரசும். அதை முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு கட்டைகளைக் கையால் இழுத்துக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றி அப்பியிருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு, லீவரை மெல்ல அழுத்தி விடுங்கள். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக வந்து ஒன்றாகத் திரும்பினால் பிரேக்கில் குற்றமில்லை. ஒன்று மட்டும் சோம்பலாகத் திரும்பினால் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும். அதற்குள் ஓடுவது மினரல் ஆயில். மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கு ஊற்றும் டாட் (DOT) திரவத்தை அதில் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். கடைசியில் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இரண்டு பக்கமும் சமமாக, 2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு கிளாம்பை இறுக்குங்கள்.

இப்போது சக்கரம். உங்களுக்கு உரசுவது இடது பக்கம் என்பது எனக்கு ஒரு துப்பு. டிரையல்ஸ் ஓட்டுபவன் நின்ற இடத்திலிருந்து பெடலை ஓங்கி உதைத்துத்தான் தாவுகிறான். அந்த ஒரு உதையில் செயின், பின் அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. உங்கள் சைக்கிளில் அச்சு உட்காரும் பள்ளம் படுக்கைவாட்டில்தான் இருக்கும், அச்சை இடத்தில் நிறுத்துவது நட்டின் பிடிப்பும், நத்தைக் கூடு மாதிரி இரண்டு பக்கமும் இருக்கும் செயின் டென்ஷனர் தகடுகளும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலோ தகட்டின் பல் தேய்ந்தாலோ வலது முனை முன்னே போய்விடும். அப்போது ரிம்மின் முன்பகுதி இடது பக்கம் சாயும். பிரேக் கட்டை இருப்பதும் அங்கேதானே, உரசாமல் என்ன செய்யும்?

சோதிப்பது எளிது. சக்கரத்தை நடுவில் நிறுத்தி நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, மார்க்கர் பேனாவால் அச்சின் மேலும் ஃபிரேமின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள், இரண்டு பக்கமும். அப்படியே ரிம்மைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் ஹப்பில் பேரிங் போயிருக்கிறது. ஒரு வாரம் பையன் ஓட்டட்டும். கோடு உடைந்து நகர்ந்திருந்தால் அச்சு நழுவுகிறது, புது டென்ஷனர், புது நட்டு, வேலை முடிந்தது.

கோடு அசையவே இல்லை, ஆனால் உரசல் திரும்பிவிட்டது என்றால் சைக்கிளை எடுத்து ஓரமாக வையுங்கள்.

இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் முதல் டிரையல்ஸ் சைக்கிளும் கைமாறி வந்த அலுமினியம்தான். உரசியது, கட்டையை ஒதுக்கினேன். மறுவாரம் உரசியது, வாஷர் வைத்தேன். மூன்றாவது வாரம் உரசலோடு ஒரு 'கிரக்' சத்தமும் சேர்ந்துகொண்டது, பெடலில் இருந்து வருகிறது என்று நினைத்து கிரீஸ் வைத்தேன்! நான்காவது வாரம், முழங்கால் உயரத் திண்ணையில் இருந்து குதித்து இறங்கியபோது செயின் பக்கத்துத் தண்டு, அச்சுத் தகடோடு சேரும் வெல்டிங் ஓரத்தில், வாழைத்தண்டு மாதிரி முறிந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தால் பாதி கறுப்பாக அழுக்கேறியிருந்தது, பாதி பளிச்சென்று வெள்ளி நிறம். கறுத்த பாதி, அத்தனை வாரமும் மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்த விரிசல். பளிச்சென்று இருந்தது அன்றைக்கு உடைந்தது. உரசல் எனக்கு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வாஷர் வைத்து அடக்கியிருக்கிறேன்.

ஆகவே விரிசல் தேடுங்கள். அச்சுத் தகட்டின் வெல்டிங், பெடல் அச்சு குறுக்கே போகும் குழாயின் பின்புறம், பிரேக் பிடிக்கும் மேடைகள், ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாயின் அடிப்பக்கம், இந்த நான்கும்தான் முக்கியம். பிரேக் மேடையை மறக்கவே கூடாது, ஏனென்றால் லீவரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன்கள் ரிம்மை உள்ளே தள்ளும் அதே வேகத்தில் பின் தண்டுகளை வெளியே தள்ளுகின்றன. இரண்டு பக்கத்தையும் இணைத்து குதிரைலாடம் போல ஒரு தகடு மாட்டுவார்களே, பூஸ்டர், அது இந்த விரிவைத் தடுக்கத்தான். உங்களுடையதில் இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள், பிரேக்கும் கல் மாதிரி பிடிக்கும்.

பெயின்ட் மட்டும் வெடித்திருக்கிறதா, உலோகமே விரிந்திருக்கிறதா என்ற சந்தேகம் வரும். பழைய பட்டறை வைத்தியம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கால்மணி நேரம் விட்டு, ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே ஊறி வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு தெரியும். தெரிந்தால் அந்த ஃபிரேமுக்கு விடை கொடுத்துவிடுங்கள். பிரேக், சக்கரம், கிராங்க் எல்லாம் அடுத்த ஃபிரேமுக்கு உதவும்.

இன்னொன்று, மெக்காஸ்கில் ஓட்டிப் பேர் வாங்கியது சீட் உள்ள 24 அங்குலத் தெரு வகை. உங்கள் பையனிடம் இருப்பது போட்டி வகை. அதில் உட்கார முடியாது என்பதைப் பையன் இந்நேரம் கண்டுபிடித்திருப்பான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். சாதாரண அலுமினிய எம்.டி.பி. (மவுன்டன் பைக்) சைக்கிளில் டிரையல்ஸ் பழகுகிறேன். ஃபிரேம் தாங்குமா? பலம் போதாது என்றால் வெல்டிங் பட்டறையில் கூடுதல் தகடு வைத்து ஒட்டிவிடலாமா அண்ணா?
– கோயம்புத்தூர்

பதில்: தகடு வேண்டாம் தம்பி. நீங்கள் ஃபிரேமைப் பலப்படுத்தப் போய்ப் பலவீனப்படுத்திவிடுவீர்கள். சைக்கிள் ஃபிரேம்களில் அதிகம் புழங்கும் 6061 வகை அலுமினியத்துக்கு அந்த உறுதி பிறவியில் வந்ததல்ல. வெல்டிங் முடிந்த பிறகு சுமார் 530 டிகிரியில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 170 டிகிரி அளவில் பல மணி நேரம் உலையில் வைத்து ஏற்றிய உறுதி. அதன்மேல் மறுபடி வெல்டிங் வைத்தால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த உறுதி ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். தகடு கெட்டியாக இருக்கும், அதன் ஓரத்தில் ஃபிரேம் விடும்.

இரும்பு விஷயம் வேறு. குரோமோலி எஃகு ஃபிரேமில் நல்ல கைக்காரர் டிக் வெல்டிங் வைத்தால் காலம் ஓட்டலாம். எஃகு ஒரு வரம்புக்குக் கீழே விழும் அடிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னித்துவிடும், பெரும்பாலும் உடைவதற்கு முன் வளைந்து காட்டும். அலுமினியம் வட்டிக்கடைக்காரர் மாதிரி, எவ்வளவு சின்ன அடியானாலும் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

உங்களிடம் இருப்பதில் என்ன பழகலாம் என்று கேட்டால், நின்ற இடத்தில் கால் ஊன்றாமல் நிற்பது, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளுவது, நடைபாதை ஓர உயரம் ஏறுவது, எல்லாம் தாராளமாக. உயரத்தில் இருந்து குதிப்பது மட்டும் வேண்டாம். சீட்டைக் கடைசிவரை இறக்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை நூல் சோதனை செய்யுங்கள்: ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாயில் ஒரு நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய் அச்சின் இரண்டு பக்கத் தகடுகளிலும் இழுத்துக் கட்டுங்கள். வழியில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். போன மாதம் சமமாக இருந்து இந்த மாதம் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் பின்பக்கம் கோணிவிட்டது. அப்புறம், பழைய இரும்பு பி.எம்.எக்ஸ். ஒன்று எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள், பழகுவதற்கு அதுதான் ராஜா.

கேள்வி: டிஸ்க் பிரேக் 'டிங் டிங்' என்று சத்தம் போடுகிறது. என்ன செய்ய?
– சென்னை

பதில்: ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் டிஸ்க் கோணல், விடாமல் வந்தால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) நடுவில் இல்லை. இரண்டாவதற்கு, காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை இறுகப் பிடித்தபடியே மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கோணலை, சுத்தமான துணியால் பிடித்து மெல்ல வளைத்தே எடுக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். டிஸ்க் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் வளைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

கேள்வி: டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் ரிம்மை கிரைண்டர் வைத்துக் கீறுவார்களாமே, உண்மையா?
– மதுரை

பதில்: உண்மைதான். பின் சக்கரத்தில் மட்டும் நின்று தாவும்போது அது ஒரு நூல் கூட உருளக் கூடாது. அதற்காகக் கட்டை படும் இடத்தில் ஆங்கிள் கிரைண்டரை லேசாகத் தட்டித் தட்டி, பூனை பிராண்டின மாதிரி சொரசொரப்பாக்குவார்கள். ஒரு காலத்தில் ரிம்மில் தார் தேய்த்தவர்களும் உண்டு. கீறினால் பிடிப்பு அபாரம், ஆனால் கட்டை சீக்கிரம் கரையும், ரிம்மும் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். மெல்லிய சுவர் உள்ள சாதாரண ரிம்மில் செய்துவிடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் அலறலைக் கேட்டு எங்கள் தெரு நாய்கள் எல்லாம் ஒருமுறை ஒன்றாகக் கூடிவிட்டன.