புதிய உதவிப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி நிதிக்கு நல்ல ப்ரபோசல் எழுதக் கல்லூரி எப்படி உதவலாம்? பயிலரங்கம் போதுமா?

போதாது. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. பொறுப்பில் இருப்பவர் என்று தோன்றுகிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு வருவதற்குள் இத்தனை ப்ரபோசல் அனுப்பினோம் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரியில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் திட்டத்தில் எவ்வளவு பணம், கடைசித் தேதி எது என்பதெல்லாம் சொன்னார்கள். வந்திருந்த ஒருவர் எழுதியதைக்கூட யாரும் வாங்கிப் படிக்கவில்லை.

நான் கடலூரில் உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறேன். என் முதல் ப்ரபோசலின் தலைப்பு, கடலூர் மாவட்டப் பூச்சிகளின் பல்லுயிர் வளம். ஏழு நோக்கங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு முதல் வீராணம் ஏரிவரை எதையும் விடவில்லை. பட்ஜெட்டில் பாதி மைக்ரோஸ்கோப்புக்கு. ரிவ்யூவர் எழுதியது இரண்டே வரி: நோக்கம் மிகப் பரந்தது, முன்தரவு (சிறிய அளவில் முன்கூட்டியே செய்து பார்த்த ஆதாரம்) இல்லை. மறு வருஷம் மொழியை மட்டும் திருத்தி வேறோர் இடத்துக்கு அனுப்பினேன். அதுவும் ரிஜெக்ட். அன்று ராத்திரி அழுதேன்.

அப்புறம்தான் புதுச்சேரியில் இருக்கும், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பூச்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏம்மா, இதுல உனக்கு நிஜமாவே பதில் தெரியணும்னு இருக்கிற கேள்வி எது?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு இருந்த கேள்வி எங்கள் மாமாவின் முந்திரிக்காட்டில் இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. மாமா ஒட்டுக்கன்று வைத்தார். அவை வளர்ந்தபின் அவர் சொன்னது ஒன்றுதான்: "பூ கொட்டுது, காய் நிக்கல." முந்திரிப் பூங்கொத்தில் பெரும்பாலும் ஆண் பூக்கள்தான், எல்லாம் காய்க்காது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், காய் குறைவது மகரந்தம் சேர்க்கும் தேனீ வராததாலா, தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, உண்மையில் சாறுண்ணிப் பூச்சி) சாறு உறிஞ்சிக் கொத்தைக் கருக்குவதாலா?

கொசுவலைத் துணியில் பை தைத்து, பூ எடுத்த தை, மாசியில் அறுபது கொத்துகளில் கட்டினேன். அறுபதைத் திறந்தே விட்டேன். செலவு இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வலைக்குள் காய் மிகக் குறைவு. பெருமையோடு சாரிடம் காட்டினேன். "வலை கட்டினா தேனீயும் வராது, கொசுவும் வராது. அப்புறம் எதனால குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்றார். அந்த ஒரு கேள்விதான் ப்ரபோசலின் முதுகெலும்பு ஆனது. வலைக்குள் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் மூன்றாவது தொகுதி அதில்தான் வந்தது. மைக்ரோஸ்கோப்பை எடுத்துவிட்டேன். கருவி தேவைப்படும் வேலைக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக்கூடம் என்று எழுதினேன். மூன்றாவது தடவை நிதி கிடைத்தது.

ஒரு ப்ராஜெக்ட் வாங்கிவிட்டு உபதேசம் செய்கிறாள் என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். போடட்டும், இரண்டு தோல்வியையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். கருவி இல்லாமல் எங்களால் முடியாது என்று வேதியியல்காரர்கள் சொல்வதும் உண்மை. அவர்களுக்கும் முதல் பக்கக் கேள்வி ஒன்றுதான் இருக்க முடியும் என்பதே என் எண்ணம்.

இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. வலை கட்ட ஏணி பிடித்தவர் என் கணவர். அவர் தாவரவியல் முனைவர், அரசுக் கல்லூரியில் பல வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர், மாதம் 25,000 ரூபாய். தோப்பைச் சுற்றியிருந்த செடிகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஹெர்பேரியத் தாள்களோடு (உலர்த்தி ஒட்டிய செடி மாதிரிகளோடு) ஒப்பிட்டுப் பெயர் சொன்னவர் அவர்தான். ஆனால் நிரந்தரப் பணி இருந்தால்தான் பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்) ஆக விண்ணப்பிக்கலாம் என்று பெரும்பாலான திட்டங்கள் கேட்கின்றன. அவர் பெயர் நன்றியுரையில் மட்டும் இருக்கிறது. நீங்கள் கேட்டது இதை அல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் கல்லூரி செய்யக்கூடியதற்கு வருகிறேன். முதலில் நேரம் கொடுங்கள். யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதன்மேல் அட்மிஷன், தேர்வு வேலை, என்.எஸ்.எஸ். என்று ஏற்றினால் எழுதுவது நள்ளிரவில்தான். எழுதும் பருவத்தில் ஒரு மதியத்தையாவது விடுவித்துக் கொடுங்கள். வலைத்துணி, பஸ் காசு போன்ற முன்தரவுச் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். வேறு துறைக்காரர் ஒருவரை உடன் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் ஒரே திட்டத்துக்குத் தள்ளாதீர்கள். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் பிரதமர் இளம் ஆய்வாளர் நிதி 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை போகும், போட்டி கடுமை. ஆய்வகம் இல்லாத கல்லூரிக்காரருக்கு, பெரிய நிறுவனத்தில் போய் வேலை செய்ய வழி தரும் 'டேர்' (TARE) போன்ற திட்டம் பொருத்தமாக இருக்கலாம்.

சனிக்கிழமை மதியங்களில் இப்போது நான் மற்றவர்களின் ப்ரபோசலைப் படித்துக் கொடுக்கிறேன். கடலூர்ப் பக்கம் என்றால் உங்கள் ஆட்களையும் அனுப்புங்கள். முதல் பக்கம் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.