போனைப் பிடுங்காதீர்கள் அண்ணா

வணக்கம் அண்ணா. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் உங்கள் 22 வயது மகள் காதலன் கேட்கும்போதெல்லாம் லொகேஷன் அனுப்புகிறாள், அவன் திட்டினாலும் 'என் மேல்தான் தப்பு' என்கிறாள், போனைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அவன் செய்வதும் இதே கட்டுப்படுத்தல்தானே? நீங்களும் செய்தால் அவளுக்குப் போக்கிடமே இருக்காது.

ஷிஃப்ட் வேலையில் அவளோடு உட்கார்ந்து பேசியதே இல்லை என்று எழுதியது மனதை என்னவோ செய்தது. இப்போதும் நேரம் இருக்கிறது. நான் இதே பெங்களூரில் அப்படி ஒருவனிடம் மாட்டியிருந்தபோது, அப்பா அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு காலை அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கக் கூப்பிடுவார். ஆபீஸ் கதை கேட்பார். நான் சொன்னதை அடுத்த வாரமும் நினைவு வைத்திருப்பார். என் பேச்சுக்கும் மதிப்பு உண்டு என்று அப்போதுதான் தோன்றியது. நான்காவது மாதம் நானே வாய் திறந்தேன்.

அவனைத் திட்டாதீர்கள், அவனுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவாள். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர உதவிக்கு 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. அப்புறம், உங்களுக்கே மனது தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இன்று இரவு 'சாப்பிட்டாயாம்மா' என்று மட்டும் கேட்டு ஒரு போன் போடுங்கள்.