ஒருவன் மட்டும் எழுந்து போனான்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கிறோம். ராத்திரி ஆனால் வீடியோ கேம்தான். போன வாரம் பழைய ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஆடினோம். அதில் கட்டுமஸ்தான ஆண்கள் சிலர் ஹீரோ க்ளவுடைச் சூழ்ந்துகொண்டு குளியல் தொட்டியில் இறங்குவார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். தண்ணீர் குடிக்க எழுந்துபோன ஒருவன் மட்டும், நாங்கள் படுக்கும்வரை மொட்டை மாடியிலிருந்து இறங்கவே இல்லை. “இப்படிச் சிரிச்சுப் பழகினாத்தான் இதெல்லாம் சகஜமாகும்” என்கிறான் இன்னொரு நண்பன். சரியா?
- வாசகர், மதுரை

பதில்: தம்பி, அந்த நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பேசவே கூசும் விஷயத்தைச் சிரிப்பு கொஞ்சம் இளக்கிவிடும், உண்மைதான். ஆனால் 1997இல் வந்த அந்தக் காட்சியில் எது சகஜமாகிறது என்று பாருங்கள். க்ளவுட் விருப்பமில்லாமல் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். சுற்றியிருப்பவர்கள் விடுவதாக இல்லை. தன்பாலீர்ப்புள்ள ஆண் என்றால் அடுத்தவன் மேல் வந்து விழுபவன் என்ற எண்ணம்தான் அங்கே சகஜமாகிறது. அந்தத் தொட்டியை விட்டால் கதையில் அவர்களுக்கு வேறு வேலையே கிடையாது.

பழைய கேம், போகட்டும் என்றும் விட முடியவில்லை. 2016இல் வந்த ‘பெர்சோனா 5’இலும் இரண்டு ஆண்கள், பள்ளி மாணவனான ரியூஜியை அவன் அலற அலற இழுத்துப் போவதுதான் நகைச்சுவை. எதிர்ப்பு வந்தபின், ‘ராயல்’ பதிப்பின் ஆங்கில வடிவத்தில் அந்த வசனங்களை மாற்றினார்கள்.

இப்போது 2020இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்’ பக்கம் வாருங்கள். பழைய கேமில் அந்தத் தொட்டி இருந்த அதே ‘ஹனிபீ இன்’ விடுதி. ஆண்ட்ரியா என்ற ஆண் நடனக்காரர் க்ளவுடை மேடைக்கு அழைக்கிறார். உம்மணாமூஞ்சி க்ளவுட், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஸ்டெப்பு போடுகிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் மேடையிலேயே அவனுக்கு அலங்காரம் செய்து கவுன் போட்டுவிடுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. அழகுக்கு ஆண் பெண் என்ற கணக்கு கிடையாது, வெட்கப்படவும் ஒன்றுமில்லை என்கிறார் ஆண்ட்ரியா. சிரிப்பு அப்படியே இருக்கிறது, யாரும் கூனிக் குறுகவில்லை. இப்படிப்பட்ட சிரிப்பு சகஜமாக்கும் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஃபோர்டு, ஒரு கூட்டத்தாரை மட்டம் தட்டும் ஜோக்குகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அப்படி ஒரு ஜோக்கைக் கேட்டதும் வெறுப்பில்லாதவர் வெறுப்பவராகிவிடுவதில்லை. ஏற்கெனவே மனசுக்குள் வெறுப்பு வைத்திருப்பவருக்குத்தான் ‘இங்கே இதெல்லாம் செல்லும்’ என்று துணிச்சல் வந்துவிடுகிறது. உங்கள் அறையில் யாருக்கும் அந்த வெறுப்பு இல்லாமலே இருக்கலாம். ஆனால் மாடியில் நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் காதில் விழுந்தது சிரிப்புச் சத்தம் மட்டும்தானே.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “நீ அப்படியா?” என்று அவனிடம் கேட்காதீர்கள். வீட்டு நினைப்பில்கூடப் போய் நின்றிருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தாலும், எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவன் முடிவு. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று வருஷக்கணக்கில் பயந்து வாழும் பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துப் படித்து, இந்த விஷயத்தில் எனக்குப் பதற்றம் அதிகம்.

அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வந்தால், “இதுல சிரிக்க என்னடா இருக்கு?” என்று அவன் காதுபட ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேமை நிறுத்த வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். முடிந்தால் ரீமேக்கையும் வாங்குங்கள். அந்த நடனத்தில் தாளம் தப்பாமல் பட்டன் தட்ட வேண்டும், லேசில்லை. கன்ட்ரோலரை முதலில் அவன் கையில் கொடுங்கள்.