வயலுக்குள் போகும் பாதையில் நடக்க யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்தில் ரீடிங் நகரத்திலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சிப்பிங் கேம்ப்டனில் தொடங்கி கிராமங்கள் வழியாக வின்ச்கோம் வரை ஒரே நாளில் நடக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. பாதை பல இடங்களில் வயலுக்குள்ளும் மாடு மேயும் நிலத்துக்குள்ளும் போகிறது. அத்துமீறல் என்று யாராவது பிடித்தால் விசாவுக்குச் சிக்கலா? பண்ணைக்காரர்களிடம் அனுமதி வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 40 பவுண்டு கேட்கிறார்.

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. அப்படி ஒரு அனுமதிச் சீட்டே கிடையாது. இல்லாத ஒன்றை விற்கும் ஆட்கள் புதிதாக வருகிறவர்களைத்தான் தேடி வருவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீங்கள் நடக்கப்போவது காட்ஸ்வோல்ட் வே. கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை 102 மைல் போகும் தேசிய நடைபாதை அது. நிலம் பண்ணைக்காரருடையதுதான். ஆனால் நம் ஊர்ப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று எழுதுவார்களே, அந்த மாதிரி உரிமை இங்கே ஊர் உலகத்துக்கே உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் உண்டு. தெரியாமல் பாதை மாறிப் போனாலும் அது சிவில் விஷயம். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், விசா வரை போகாது.

வேலிக் கதவுத் தூணில் சின்ன வட்டத் தகடு அடித்திருக்கும். மஞ்சள் அம்பு என்றால் நடைபாதை. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து, அதிலும் நீங்கள் நடக்கலாம். கூடவே ஓக் மரக்காய் படம் இருந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். அந்த வழியில் ‘உள்ளே வராதே’ என்று பொய்ப் பலகை வைப்பது 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் அப்படிப்பட்ட பலகைகள் தொங்குகின்றன. வேலியைத் தாண்ட வைத்திருந்த மரப்படி ஒன்று முறிந்ததைப் பற்றி நான் எழுதியபோது ஒரு கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) அதைச் சரிசெய்ய 14 மாதம் எடுத்துக்கொண்டது. விழுந்து அடிபட்டால்தான் அசைவார்கள்போல.

இன்னொரு பொறி, போன் செயலிகள். யாரோ நடந்து போன கோட்டையெல்லாம் பாதை என்று காட்டும். இந்நாட்டு அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள், இந்தப் பகுதிக்கு எண் ஓஎல்45. பச்சைக் கோடுகள் உரிமையுள்ள வழி. கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் தடம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம், அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆரஞ்சுக் கோட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது நிலக்காரர் தாமாக விட்டுக்கொடுத்த வழி. இன்று விடுவார், நாளை மூடலாம். மூடினால் வாக்குவாதம் வேண்டாம், அங்கே உங்களுக்கு உரிமை இல்லை. போன வருடம் அதே வழியாகப் போனோம் என்பதும் செல்லாது. காட்ஸ்வோல்ட் வேயை விட்டு விலகி ஏதாவது மாளிகைத் தோட்டம் பக்கம் போகும்போதுதான் இது உங்களுக்குக் குறுக்கே வரும். கேட்டில் சின்ன அறிவிப்பு இருக்கும், நின்று படித்துவிட்டுப் போங்கள்.

மாடுகள் கன்றோடு நின்றால் நடுவே புகாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள். அப்புறம் தூரம்: பிராட்வே வரை சுமார் 6 மைல், அங்கிருந்து ஸ்டான்டன் வழியாக வின்ச்கோமுக்கு இன்னும் 12. பிராட்வே சேரும்போதே முழங்கால் வலித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை இன்னொரு நாள் நடக்கலாம், அதற்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.